ஸ்பேனர் இருந்தா போதும்... உங்க பைக்குக்கு நீங்களே மெக்கானிக்! சைலன்சரில் மட்டும் கை வைக்காதீங்க

காலையில் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அன்றைய கூலி அம்பேல். கொத்தனார், எலக்ட்ரீஷியன், சாப்பாடு டெலிவரி செய்பவர், பால் போடுபவர், கோயம்பேட்டில் காய் வாங்கி வந்து விற்பவர்... எல்லோருக்கும் சோறு போடுவது பைக்தான். அந்தப் பைக்குக்கு நாம என்ன செய்கிறோம்? பெட்ரோல் போடுகிறோம். நின்று போனால் மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறோம். அவ்வளவுதான்.

மெக்கானிக் கடையில் நடக்கும் வேலைகளில் பலவற்றை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். செயினுக்கு எண்ணெய் விடுவது, பிரேக் டைட் வைப்பது, பிளக் துடைப்பது, ஆயில் மாற்றுவது இதெல்லாம் பெரிய ரகசியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அதற்கு முன்னால் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குச் செலவழிக்கும் முதல் ரூபாய், வண்டி நிற்பதற்கு. அதாவது பிரேக்கும் டயரும். இரண்டாவது ரூபாய், வண்டி ஓடுவதற்கு. அதாவது செயினும் ஆயிலும். மூன்றாவது ரூபாய்தான் அழகுக்கு. நம்ம பசங்க பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆயிரக்கணக்கில் சைலன்சர் வாங்கி மாட்டியிருப்பார்கள். பின்னாடி டயரைப் பார்த்தால் வழுக்கைத் தலை மாதிரி இருக்கும்!

கையில் என்னென்ன வேண்டும்?

வண்டியோடு கொடுத்த டூல் கிட் சீட்டுக்கு அடியிலோ பக்க மூடிக்கு உள்ளேயோ இருக்கும். அதில் பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அதோடு ஒரு செட் ஸ்பேனர், பழைய பல் துலக்கும் பிரஷ், அரை லிட்டர் மண்ணெண்ணெய் அல்லது டீசல், கொஞ்சம் பனியன் வேஸ்ட், ஒரு பழைய தட்டு. இது போதும்.

வண்டி வாங்கும்போது கொடுத்த மேனுவல் புத்தகத்தைத் தேடி எடுங்கள். தொலைந்து போயிருந்தால், பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் வெப்சைட்டில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. காத்து எவ்வளவு, ஆயில் எவ்வளவு, செயின் எவ்வளவு தளர்ச்சி என்று எல்லாமே அதில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை விட அந்தப் புத்தகம் சொல்வதே சரி.

சாதாரண போல்ட், நட்டை இடது பக்கமாகத் திருப்பினால் கழலும், வலது பக்கமாகத் திருப்பினால் இறுகும். முதலில் கையால் திருப்பி மரை சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே ஸ்பேனர் போடுங்கள். கோணலாக ஏற்றி முறுக்கினால் மரை போய்விடும். பத்து ரூபாய் போல்ட்டுக்காக லேத் பட்டறைக்கு அலைய வேண்டி வரும்.

தினமும் 2 நிமிடம்

சாவி போடும் முன்பு வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். டயரில் காத்து இருக்கிறதா? ஆணி ஏதாவது குத்தியிருக்கிறதா? வண்டிக்குக் கீழே தரையில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா? முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் வேலை செய்கிறதா? பிரேக் லைட் எரிகிறதா என்று பார்க்க ஆள் தேவையில்லை. பின்னால் சுவர் இருந்தால் சிவப்பு வெளிச்சம் அதில் விழும். கடைசியாக, சைடு ஸ்டாண்டு மேலே ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இவ்வளவுதான் 2 நிமிட வேலை.

பிரேக்: வண்டி நின்றால்தான் வாழ்க்கை ஓடும்

டிரம் பிரேக் வண்டியில் பின் சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனையில் ஒரு நட் இருக்கும். அதை வலது பக்கமாகத் திருப்பினால் பிரேக் டைட் ஆகும். பெடலை அழுத்தும்போது முதல் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை, அதாவது சுமார் 2 விரல் அளவு, சும்மா இறங்க வேண்டும். அதற்குப் பிறகு பிரேக் பிடிக்க ஆரம்பிக்க வேண்டும். பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகளுக்கு இதுதான் அளவு.

டைட் வைத்த பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். உரசிக்கொண்டு சுற்றினால் பிரேக் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். மைலேஜ் போகும், டிரம் சூடாகும், ஷூ சீக்கிரம் தேயும்.

ஷூ தேய்ந்துவிட்டதா என்பதைச் சக்கரத்தைக் கழற்றாமலே தெரிந்துகொள்ளலாம். நிறைய வண்டிகளில் பிரேக் தட்டின் வெளிப்பக்கத்தில் ஒரு சிறிய அம்புக்குறியும் ஒரு கோடும் இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அம்பு அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ மாற்றும் நேரம் வந்துவிட்டது. அதற்கு மேல் நட்டை முறுக்கி முறுக்கி ஓட்டுவது ஆபத்து.

டிஸ்க் பிரேக் என்றால் பேடு கனம் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். ஹேண்டில்பாரில் இருக்கும் சின்ன டப்பாவில் பிரேக் ஆயில் அளவு தெரியும். குறைந்திருந்தால் பேடு தேய்ந்திருக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். அதே ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். டிஸ்க் மேல் ஒரு சொட்டு எண்ணெய் கூடப் படக் கூடாது. செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின் டிஸ்க்கைத் துணியால் மூடிவிடுங்கள்.

டயர்: காத்து விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

காத்து எவ்வளவு என்பது செயின் கவரிலோ, பின் சக்கரத்துக்குப் பக்கத்திலோ ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். ஒருவர் போனால் ஒரு அளவு, டபுள்ஸ் போனால் பின் டயருக்கு இன்னொரு அளவு. தினமும் மனைவியை வேலைக்கு இறக்கிவிடுபவர், மூட்டை ஏற்றுபவர் எல்லாம் டபுள்ஸ் அளவையே வைக்க வேண்டும்.

வெயில் காலத்தில் டயர் வெடிக்கும் என்று சிலர் காத்தைக் குறைத்து வைப்பார்கள். இது தப்பு. காத்து குறைந்தால் டயரின் பக்கச் சுவர் அதிகமாக மடங்கி மடங்கி நிமிரும். அதனால்தான் டயர் அதிகம் சூடாகிறது. வண்டி ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காத்து பாருங்கள்.

டயரின் பக்கத்தில் சிறிய முக்கோணக் குறி அல்லது டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்து இருக்கும். அதற்கு நேராக டயர் பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் கதை முடிந்தது. மழையில் வழுக்கும். புது டயர் வாங்கும்போது வருடத்தைப் பாருங்கள். பக்கத்தில் 4 இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. வருஷக்கணக்காகக் கடையில் கிடந்த டயரைப் புதுசு என்று தலையில் கட்டப் பார்த்தால் உஷார்!

செயின்: விரல் பத்திரம்

500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். மழை நாளில் ஓட்டினால் அதற்கு முன்பே. பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்து அழுக்கை எடுத்து, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு செயின் ஸ்பிரே அல்லது 90 நம்பர் கியர் ஆயில் விடலாம். உள்பக்கமாக விட்டால் சுற்றும்போது எண்ணெய் வெளியே பரவும். மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இன்ஜினில் இருந்து எடுத்த கறுப்பு ஆயிலைச் செயினுக்கு விடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அதில் இருக்கும் இரும்புத் தூள் செயினை அரைக்கும்.

இங்கேதான் ஒரு பெரிய எச்சரிக்கை. இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றுகிற செயினில் துணியை வைத்துத் துடைப்பதைப் பல பேர் செய்கிறார்கள். துணி செயினில் மாட்டினால் விரலையும் சேர்த்து ஸ்ப்ராக்கெட்டுக்குள் இழுத்துவிடும். கையை எடுக்க நேரமே கிடைக்காது. விரல் துண்டானவர்கள் உண்டு. செயின் வேலை என்றால் சாவி பாக்கெட்டில், வண்டி நியூட்ரலில், சக்கரம் கையால் மட்டுமே சுற்ற வேண்டும்.

செயின் தளர்ச்சியை எப்படிப் பார்ப்பது? இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் கீழ்ச் செயினை விரலால் மேலும் கீழும் தள்ளுங்கள். 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆடினால் சரி. வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், மேனுவலைப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் பின் அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் இருக்கும் அட்ஜஸ்டரைச் சமமாகத் திருப்புங்கள். பக்கவாட்டில் கோடுகள் போட்டிருப்பார்கள். இடது பக்கம் எத்தனையாவது கோடோ, வலது பக்கமும் அதே கோடு. இல்லாவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும். முடிந்ததும் அச்சு நட்டை நன்றாக இறுக்கி, பின் பிரேக்கை மறுபடி செக் பண்ணுங்கள். சக்கரம் நகர்ந்ததால் பிரேக் அளவும் மாறியிருக்கும்.

ரொம்ப டைட்டாகவும் வைக்காதீர்கள். பள்ளத்தில் இறங்கும்போது செயின் விண்ணென்று இழுபட்டு பேரிங்கைக் கெடுக்கும். ஸ்ப்ராக்கெட் பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுறா மீன் துடுப்பு மாதிரி ஆகிவிட்டால் செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

இன்ஜின் ஆயில்: கார் ஆயில் ஊற்றாதீங்க

பைக்கில் கிளட்ச் பிளேட்டும் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கும். அதனால் டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று எழுதிய பைக் ஆயிலைத்தான் வாங்க வேண்டும். மிச்சம் இருக்கிறதே என்று கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். 10 டபிள்யூ 30-ஆ, 20 டபிள்யூ 40-ஆ என்பதை மேனுவல் சொல்லும்.

மாற்றும் முறை சிம்பிள். வண்டியை 2, 3 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் இளகும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, கீழே தட்டு வைத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். ஆயில் சூடாக இருக்கும், கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுசாக வடிந்ததும் வாஷரோடு போல்ட்டைப் போட்டு இறுக்குங்கள். பலத்தைக் காட்ட வேண்டாம், அலுமினிய மரை போய்விடும். மேனுவல் சொன்ன அளவு ஆயில் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதிகம் ஊற்றுவதும் கெடுதல்.

காலி டப்பாவைத் தூக்கிப் போடும்போது ஓட்டை போட்டு, லேபிளைக் கிழித்துவிடுங்கள். அதில் போலி ஆயில் அடைத்து விற்கும் கும்பலுக்கு நாமே டப்பா சப்ளை செய்ய வேண்டாமே. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், பக்கத்து மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

ஏர் ஃபில்டரும் பிளக்கும்

வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் விழுந்துவிட்டது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர். ஸ்பாஞ்சு மாதிரி இருந்தால் மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, காயவைத்து, லேசாக ஆயில் தடவிப் போடலாம். பேப்பர் ஃபில்டர் என்றால் கழுவக் கூடாது. இப்போது பல வண்டிகளில் எண்ணெய்ப் பசை உள்ள பேப்பர் ஃபில்டர் வருகிறது. அதைக் காத்து அடித்துச் சுத்தம் செய்யவும் கூடாது, நேரம் வந்ததும் மாற்றத்தான் வேண்டும்.

ஸ்பார்க் பிளக் என்பது இன்ஜினுக்குள் நடப்பதைச் சொல்லும் கண்ணாடி. இன்ஜின் ஆறிய பிறகு கழற்றிப் பாருங்கள். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் இன்ஜின் ஆரோக்கியம். காய்ந்த கரி மாதிரி கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே எரிகிறது, மெக்கானிக்கைப் பாருங்கள். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் இன்ஜின் ஓவராகச் சூடாகிறது.

கிளட்ச், பேட்டரி, ஃபியூஸ்

கிளட்ச் லீவரின் முனை 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். அந்தத் தளர்ச்சி இல்லை என்றால் கிளட்ச் எப்போதும் பாதி அழுத்தியே இருக்கும். மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் கத்தும், வண்டி நகராது. சிக்னலில் ஆஃப் கிளட்ச்சில் உறுமிக்கொண்டு நிற்பவர்கள் அடிக்கடி கிளட்ச் பிளேட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். நியூட்ரல் போட்டு நில்லுங்கள்.

பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வயரைக் கழற்றி (மைனஸ் முதலில், பிறகு பிளஸ்), வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில். ஃபியூஸ் போய்விட்டால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுகிற ஐடியா எல்லாம் வேண்டாம். ஷார்ட் ஆனால் ஃபியூஸுக்குப் பதில் வயரே எரியும். மேலே இருப்பது பெட்ரோல் டேங்க்!

மழை வெள்ளத்தில் வண்டி மூழ்கினால்?

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் சென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை பக்கம் வண்டிகள் தண்ணீரில் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் செய்யத் துடிக்கும் காரியம், "ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்" என்று பட்டனை அமுக்குவதுதான். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

காத்தை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அத்தோடு இன்ஜின் வேலை, ஆயிரக்கணக்கில் செலவு. சைலன்சருக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதே லாபம்.

மூழ்கிய வண்டியில் முதலில் பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரை மெதுவாகப் பத்து தடவை உதையுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் பிளக் ஓட்டை வழியாக வெளியே வரும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதை வடித்துப் புது ஆயில் ஊற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, மறுபடியும் ஒரு தடவை மாற்ற வேண்டும்.

பெட்ரோல் டேங்க்கையும் விடாதீர்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. அதில் தண்ணீர் இறங்கினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். டேங்க்கைக் காலி செய்துவிட்டுப் புது பெட்ரோல் போடுவதே நல்லது. பெட்ரோல் கையாளும்போது பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் வயரிங்கில் கை வைக்காமல் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் வண்டியைத் தொடும் முன் போட்டோ எடுத்து கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் கிளைம் கிடைப்பது சிரமம்.

அழகு பார்க்கலாம்... அளவோடு!

பைக்கை அலங்காரம் செய்வது தப்பில்லை. 1950-களில் இருந்து என்ஃபீல்டு புல்லட் உருவாகி வரும் ஊர் நம்ம சென்னை. அந்த டேங்க்கில் தங்க நிறக் கோட்டை ஸ்டிக்கர் இல்லாமல் பிரஷ்ஷால், கையால் இழுக்கும் கலைஞர்கள் இங்கே உண்டு. அண்ணா சாலை பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுப் பொருட்களும், எழும்பூர் பக்கம் புதுப்பேட்டையில் பழைய பாகங்களும் கிடைக்கின்றன.

சீட் கவர், குஷன், ஹேண்டில் கிரிப், மொபைல் ஹோல்டர், டேங்க் பேட், சின்ன ஸ்டிக்கர் இதெல்லாம் தாராளமாகப் போடலாம். மொபைல் சார்ஜர் வைப்பவர்கள் வயரில் தனியாக ஃபியூஸ் போட வேண்டும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்து, வயர் எங்கும் நசுங்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். டெலிவரி பெட்டி வைப்பவர்கள் கனமான சாமானைப் பெட்டியின் அடியில், சீட்டை ஒட்டிய பக்கமாக வையுங்கள். பின் அச்சுக்கு ரொம்பப் பின்னால் பாரம் ஏறினால் முன் சக்கரம் லேசாகி, திருப்பத்தில் வண்டி அலையும்.

ஹேண்டில்பார் மாற்றியவர்களுக்கு ஒரு டெஸ்ட். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்புங்கள். சத்தம் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. யூ டர்ன் போடும்போது வண்டி தானாகப் பாயும், பயங்கர ஆபத்து.

ஹெட்லைட்டில் அதிக வாட் பல்பு போடுவதும் வேண்டாம். 35 வாட் பல்புக்காகப் போட்ட வயரில் அதைப் போல் இரண்டு, மூன்று மடங்கு பல்பு மாட்டினால் வயரும் சுவிட்சும் உருகும். எதிரே வருபவர் கண்ணும் கூசும். அகல டயர் போட்டால் கெத்தாகத் தெரியும். ஆனால் மைலேஜ் குறையும், செயினிலோ மட்கார்டிலோ உரசும். கம்பெனி சொன்ன சைஸே போதும்.

புதுப்பேட்டையில் பழைய பக்க மூடி, சீட், மீட்டர் பாக்ஸ் கவர் வாங்கலாம். பிரேக் பாகம், டயர், பேரிங் எல்லாம் பழசு வாங்கவே கூடாது. எது வாங்கினாலும் பில் கேளுங்கள். திருட்டு வண்டியின் பாகம் என்றால் வாங்கியவருக்கும் வம்பு.

இதைக் கழற்றினால் உயிருக்கு ஆபத்து

ஸ்டைலுக்காக முதலில் கழற்றப்படுவது புடவை கார்டு, பிறகு பின்னாடி கைப்பிடி, பிறகு இரண்டு கண்ணாடி. புடவை கார்டு வண்டிக் கம்பெனி ஆசைப்பட்டு வைத்த பொருள் இல்லை. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், உடை சக்கரத்தில் சிக்காமல் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் ஒரே நொடியில் ஆளை இழுத்துத் தள்ளிவிடும். அம்மா, மனைவி, தங்கச்சி உட்காருகிற வண்டி அது. கழற்றிய கார்டைத் தேடி எடுத்து இன்றைக்கே மாட்டுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியின் ஆர்.சி. விவரத்துக்கும் கம்பெனி வடிவத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று ஆனது. பெயிண்ட் நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

சைலன்சர் கதை இன்னும் காரம். சத்தம், புகை விதியை மீறி ஓட்டினால் முதல் தடவைக்கே ரூ.10 ஆயிரம் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். அதோடு 3 மாதம் லைசென்ஸும் பறிபோகும். வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு 3 மாதம் லைசென்ஸ் இல்லை என்றால் வீட்டில் அடுப்பு எரியுமா? பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிய காட்சியைப் பல ஊர்களில் பார்த்திருப்பீர்கள்.

சத்தம் அதிகமானால் வேகமும் அதிகமாகும் என்பது வெறும் நம்பிக்கை. சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பை எடுத்துவிட்டால் சிட்டி டிராஃபிக்கில் தேவைப்படும் குறைந்த வேக இழுவைதான் முதலில் குறையும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் புகைக் குழாயிலேயே சென்சார் இருக்கிறது. அதைக் கலைத்தால் பெட்ரோல் கணக்கே குழம்பிவிடும். நம்பர் பிளேட்டிலும் விளையாட்டு வேண்டாம். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு கம்பெனி கொடுக்கும் ஹை செக்யூரிட்டி பிளேட் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு கட்சித் தலைவர் படம், நடிகர் படம் போட்ட பிளேட் மாட்டினால் அபராதம் நிச்சயம்.

மெக்கானிக்கிடம் விட வேண்டியது எது?

எல்லாவற்றையும் நாமே செய்துவிட முடியாது. இன்ஜினைப் பிரிப்பது, வால்வு டைமிங், ஏ.பி.எஸ்., ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், முன் ஃபோர்க், சக்கர பேரிங், ஹேண்டில் கோன் செட் இதெல்லாம் அனுபவம் உள்ளவர் வேலை. வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில் ஆடினாலோ, இன்ஜினில் 'டக் டக்' சத்தம் வந்தாலோ தள்ளிப் போடாதீர்கள்.

நாமே வேலை செய்து பழகினால் இன்னொரு லாபமும் உண்டு. "அண்ணே, செயின் செட் போயிடுச்சு, மாத்தணும்" என்று மெக்கானிக் சொன்னால் பல்லைப் பார்த்து நாமே முடிவு சொல்லலாம். வேலை தெரிந்தவரிடம் நல்ல மெக்கானிக் சந்தோஷமாகப் பேசுவார். ஏமாற்ற நினைப்பவர் வாயைத் திறக்க மாட்டார்.

வேலை முடிந்ததும் கழற்றிய நட் எல்லாம் மறுபடி மாட்டப்பட்டதா என்று எண்ணிப் பாருங்கள். பிறகு தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு ரவுண்டு ஓட்டி இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். அந்தத் தெருச் சுற்றுக்கும் ஹெல்மெட் வேண்டும். எத்தனை ஸ்பேனர் வைத்திருந்தாலும் தலையை மட்டும் கழற்றி மாட்ட முடியாது!